எலியாஸ் முதல் எல்லீசன் வரை

பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைத் தயாரித்தபோது எங்கள் வகுப்பாசிரியை ஒவ்வொருவரையும் மேசையருகே அழைத்து, "பெயரையும் இனிஷியலையும் இப்பொழுதே சரி பார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து தவறிப்போனாலும் பிறகு அலைய வேண்டும்" என்று சொன்னார். தோழியர் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்த அலைச்சல் அப்போது நடந்துகொண்டிருந்தது.

என் தாத்தா ஜூலை 20ஆம் நாள் பிறந்தவர். அன்று எலியாஸ் தீர்க்கதரிசியின் திருநாள். ஆகவே பங்குச்சாமியார் அவருக்கு எலியாஸ் என்று ஞானஸ்நானப் பெயர் இட்டார். கோவில் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் தென்னேரி ஏரிப் பாசனத்தில் எங்களுக்குள்ள நாற்பது சென்ட் நிலத்தின் பட்டாவிலோ எல்லப்பன் என்று இருக்கிறது. தாத்தா இறந்தபின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றப் போன அப்பாவிடம், "எலியாஸ் மகனுக்கு எல்லப்பன் நிலம் எப்படி வரும்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நிலக் கணக்கைப் புதுப்பிக்க வந்த யாரோ ஒருவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போய்விட்டார் என்பது எங்கள் வீட்டில் நெடுநாளாக இருந்துவரும் மனக்குறை.

இதை நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் அருட்சகோதரியிடம் ஒரு நாள் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உன் தாத்தா பெயர் பட்ட பாடு ஒன்றும் புதிதல்ல. அதே பெயர் இங்கிலாந்து வரை போய்விட்டுச் சென்னைக்கும் வந்திருக்கிறது. எல்லிஸ் துரையைப் பற்றிப் படித்துப் பார்" என்றார். அப்படிப் படித்ததையும் கேட்டதையுமே இங்கே எழுதுகிறேன்.

எல்லிஸ் என்பது ஆங்கிலேயரிடையே சாதாரணமாக வழங்கும் ஒரு குடும்பப் பெயர். அதன் வேர் இங்கிலாந்தில் இல்லை; இஸ்ரயேல் நாட்டிலே இருக்கிறது. எபிரேய மொழியில் எலியாஹு என்றால் 'யாவேயே என் கடவுள்' என்று பொருள். அகாப் அரசன் காலத்தில் மூன்றாண்டுகள் மழை பொய்த்ததையும், சரேப்தா ஊர் விதவையின் வீட்டில் மாவும் எண்ணெயும் குறையாதிருந்ததையும், கார்மேல் மலைமீது அவர் செபித்தபோது உள்ளங்கை அளவு மேகம் ஒன்று கடலிலிருந்து எழும்பி வந்ததையும் ஞானோபதேச வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தத் தீர்க்கதரிசியின் பெயரே எலியாஹு.

கிரேக்கர்கள் அந்தப் பெயரை எலியாஸ் ஆக்கினார்கள். இலத்தீனிலும் அப்படியே வந்தது. அரபு நாட்டில் அது இல்யாஸ். காஞ்சிபுரத்திலும் வாலாஜாபாத்திலும் முஸ்லிம் வீடுகளில் இலியாஸ் என்று பெயருள்ளவர்கள் இருக்கிறார்களே, அதுவும் இதே பெயர்தான். உருசியாவில் இலியா. மலையாள நாட்டிலே சிரியன் கிறிஸ்தவர்களிடம் ஏலியாஸ். 2014ஆம் ஆண்டு புனிதர் பட்டம் பெற்ற குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா அடிகளாரின் பெயரிலும் அது இருக்கிறது. கார்மேல் சபையார் எலியாஸ் தீர்க்கதரிசியைத் தங்கள் ஞானத் தந்தையாகக் கொண்டாடுகிறவர்கள் அல்லவா!

பிரெஞ்சு நாட்டில் இந்தப் பெயர் எலி என்றும் எலிஸ் என்றும் தேய்ந்தது. சிலுவைப் போர்களின் காலத்தில், அதாவது 12, 13ஆம் நூற்றாண்டுகளில், புனித பூமிக்குச் சென்று திரும்பியவர்களால் வேதாகமப் பெயர்கள் ஐரோப்பாவில் மிகுதியாகப் பரவின. இங்கிலாந்திலும் பிள்ளைகளுக்கு எலிஸ் என்று பெயரிட்டார்கள். அதுவரையில் அது குடும்பப் பெயர் அல்ல, வெறும் பெயர்.

வெறும் பெயர் குடும்பப் பெயர் ஆனது எப்படி? ஓர் ஊரில் பத்துப் பேருக்குத் தாமஸ் என்று பெயர் இருந்தால் எந்தத் தாமஸ் என்று சொல்ல வேண்டும். கொல்லனுடைய மகனைத் தொழிலால் ஸ்மித் என்றார்கள். குன்றின்மேல் குடியிருந்தவனை ஹில் என்றார்கள். எலிஸ் என்பவரின் மகனை 'எலிஸின் தாமஸ்' என்றார்கள். இதில் நமக்கு வியப்பு ஒன்றும் இல்லை. நாமும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் போட்டுத்தானே அடையாளம் சொல்கிறோம்? வேறுபாடு என்னவென்றால், நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அப்பாவுக்குத் தாத்தா பெயர், எனக்கு அப்பா பெயர். அவர்களுக்கோ ஏறத்தாழ 1400ஆம் ஆண்டுக்குள் அது மாறாமல் நின்றுவிட்டது. வரி வாங்குவதற்கும் நிலத்தைப் பிள்ளைக்கு எழுதிவைப்பதற்கும் நிலையான ஒரு பெயர் தேவைப்பட்டது. ஆகவே எல்லிஸ் என்று கையெழுத்திடும் ஓர் ஆங்கிலேயர், அறுநூறு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னே இறந்துபோன ஏதோ ஒரு தகப்பனாரின் இனிஷியலை இன்றும் போட்டுக்கொள்கிறார் என்றே நான் புரிந்துகொண்டேன். எல்லிசன் என்றால் எல்லிஸின் மகன். 'சன்' என்றால் மகன்தானே.

ஆனால் எல்லா எல்லிஸ்களும் ஒரே குடும்பத்தார் என்று நினைத்துவிடக் கூடாது. வேல்சு நாட்டில் எலிசெட் என்ற பழைய பெயர் ஒன்று இருந்தது. அதுவும் நாளடைவில் எல்லிஸ் ஆகிவிட்டது. அதற்கும் தீர்க்கதரிசிக்கும் தொடர்பில்லை. அந்தப் பெயருள்ள அரசர் ஒருவரின் நினைவாக 9ஆம் நூற்றாண்டில் அவருடைய கொள்ளுப்பேரன் ஒரு கல்தூண் நாட்டினான். இன்றும் லாங்கோலன் என்னும் ஊருக்கு அருகே அது நிற்கிறது. அதற்கு 'எலிசெக் தூண்' என்று பெயர். எலிசெட் என்று வெட்ட வேண்டியதைக் கல்தச்சன் கடைசி எழுத்தைப் பிழையாக வெட்டிவிட்டான் என்று கருதுகிறார்கள். அரசருக்கே இந்த நிலை என்றால் என் தாத்தா எம்மாத்திரம் என்று தோன்றியது.

இனிச் சென்னைக்கு வருவோம்.

பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பவர் 1796ஆம் ஆண்டு, இருபது வயதுகூட நிரம்பாத இளைஞராகக் கும்பினியாரின் வேலைக்குச் சென்னைக்கு வந்தார். 1810ஆம் ஆண்டு சென்னையின் கலெக்டர் ஆனார். சீமையிலிருந்து வரும் இளம் அதிகாரிகள் நம் மொழிகளைக் கற்பதற்காக 1812இல் சென்னைக் கல்விச் சங்கம் ஏற்படுவதற்கு அவரே முக்கிய காரணம். தமிழ் நன்றாகப் படித்தார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விரிவான உரையும் எழுதினார். நம் கத்தோலிக்கர் மறக்கக்கூடாத ஒரு செய்தியும் உண்டு. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரின் ஏடுகள் மறைந்துபோகாமலிருக்க, கல்விச் சங்கத்தைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளையைத் தென் ஜில்லாக்களுக்கு அனுப்பித் தேடச் செய்தவர் இந்த எல்லிஸ் துரையே. வீரமாமுனிவரும் இத்தாலியிலிருந்து கான்ஸ்டன்ஸோ பெஸ்கி என்ற பெயரோடு வந்து, தைரியநாதர் ஆகி, பிறகு வீரமாமுனிவர் ஆனவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1818ஆம் ஆண்டு சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் வந்தது. எல்லிஸ் இருபத்தேழு கிணறுகளை வெட்டுவித்தார். அந்தச் செய்தியைச் சொல்லும் கல்வெட்டு இராயப்பேட்டையில் பெரியபாளையத்தம்மன் கோவிலில் உள்ள கிணற்றருகே கிடைத்தது. பெரும்பாலும் தமிழ்ச் செய்யுள். முதலில் நம் தொண்டை நாட்டின் புகழைப் பாடுகிறது. பிறகு நாட்டுக்கு உறுப்பாவன எவை என்று சொல்லும் திருக்குறளை எடுத்துக்காட்டி, அதன்படி இருபத்தேழு துரவு கண்டதாக முடிகிறது. துரவு என்பது கிணறு. 'தோட்டம் துரவு' என்று பெரியவர்கள் பேசும்போது கேட்டிருக்கிறேன். அந்தத் துரவுக்கு என்ன பொருள் என்று இந்தக் கல்வெட்டைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வறட்சிக் காலத்தில் மழைக்காகச் செபித்த தீர்க்கதரிசியின் பெயரைத் தாங்கிய ஒருவர் வறட்சிக் காலத்தில் கிணறு வெட்டினார் என்பதை அருட்சகோதரி எனக்குச் சுட்டிக்காட்டியபோது மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

அந்தக் கல்வெட்டில் எல்லிஸ் என்ற பெயர் கிடையாது. எல்லீசன் என்றே இருக்கிறது. அதுவும் பிறர் அவரைப்பற்றிச் சொல்வதுபோல் அல்ல. எல்லீசன் ஆகிய நான் இதைச் செய்தேன் என்று அவரே பேசுவதுபோல் செய்யுள் அமைந்திருக்கிறது. நன்னூல் படித்தவர்களுக்குக் காரணம் விளங்கும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. 'ஸ்' என்ற எழுத்தோ தமிழ் எழுத்தே அல்ல. எல்லிஸ் என்று செய்யுளில் நிறுத்த முடியாது. 'அன்' விகுதி சேர்ந்தவுடன் நடேசன், கணேசன் என்பதுபோல் வீட்டுப் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் எல்லிசன் என்றால் எல்லிஸின் மகன். தமிழில் எல்லீசன் என்றால் எல்லிஸே! இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் இருப்பது தற்செயல்.

இங்கே நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். எபிரேயத்தில் 'ஏல்' என்றால் கடவுள். தமிழில் 'எல்' என்றால் ஒளி, கதிரவன். ஆகவே இரண்டும் ஒரே சொல் என்று பெரிய கண்டுபிடிப்பாக எழுதிக்கொண்டுபோய்த் தமிழாசிரியையிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இரண்டு எழுத்து ஒத்திருந்தால் உறவாகிவிடுமா? எல்லிஸிடமே கேட்டுப் பார்" என்றார். 1816ஆம் ஆண்டு காம்பெல் என்பவரின் தெலுங்கு இலக்கணம் அச்சானபோது அதற்கு எல்லிஸ் ஒரு முன்னுரை எழுதினார். அதுவரையில் நம் நாட்டு மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்றே பலரும் நம்பிவந்தார்கள். தெலுங்கில் சமஸ்கிருதச் சொற்கள் நிறைய இருக்கின்றனவே என்று காரணம் காட்டினார்கள். எல்லிஸ் வேர்ச்சொற்களை வரிசையாக எடுத்து வைத்து ஒப்பிட்டார். கடன் வாங்கிய சொற்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரு குடும்பம் என்று காட்டினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் 1856இல்தான் வெளிவந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகள் முந்தியது இது.

பெயர்களுக்கும் இதே முறைதான். எல்லிஸ் கிணறு வெட்டிய காலத்தில் சென்னைக்கு ஹியூ எலியட் என்பவர் கவர்னராக இருந்தார். எலியட் என்பதும் எலியாஸ் என்ற பெயரின் செல்லப் பெயராக இங்கிலாந்தில் வழங்கியதுண்டு. ஆனால் கவர்னரின் முன்னோர் ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தார். அவர்களைப் பழைய ஏடுகளில் எல்வால்ட் என்றும் எல்லட் என்றும் எழுதியிருக்கிறார்கள். அது பழைய ஆங்கிலப் பெயர் ஒன்றின் திரிபு. கலெக்டர் எல்லிஸ், கவர்னர் எலியட் என்று அருகருகே எழுதினால் பங்காளிகள்போலத் தோன்றும். வேரோ வேறு வேறு.

எல்லிஸ் நீண்ட நாள் வாழவில்லை. 1819ஆம் ஆண்டு மார்ச் மாதம் இராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சு கலந்ததை உட்கொண்டு இறந்துபோனார். வயது நாற்பத்திரண்டைத் தாண்டவில்லை. அவர் எழுதி வைத்திருந்த காகிதங்கள் பல சமையல்காரரின் அடுப்பெரிக்கப் போயின என்று வால்ட்டர் எலியட் என்ற மற்றோர் அதிகாரி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அவர் நினைவாகத் தமிழில் எழுதிய கல்லறைக் கவிதையிலும், குறளை மொழிபெயர்த்த புகழோடு, எல்லீசன் என்ற பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது.

எல்லிஸ் என்ற பெயர் அமெரிக்காவுக்கும் போயிற்று. அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. குடும்பப் பெயர்களையே பிள்ளைகளுக்கு முதற்பெயராக இடும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. ஆகவே தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகி, குடும்பப் பெயர் மறுபடியும் பிள்ளையின் பெயராகிவிட்டது. நம் பெற்றோருக்கும் பாட்டிமாருக்கும் தெரிந்த எல்லிஸ் ஆர். டங்கன் அப்படிப்பட்டவர். தமிழே தெரியாத அமெரிக்கராக வந்து, எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' படத்தை 1945இல் இயக்கியவர் அவர்தான்.

அதைவிட முக்கியமானது நியூயார்க் துறைமுகத்தில் உள்ள எல்லிஸ் தீவு. 18ஆம் நூற்றாண்டில் சாமுவேல் எல்லிஸ் என்பவருக்குச் சொந்தமாக இருந்ததால் அந்தப் பெயர். 1892 ஜனவரி முதல் தேதியிலிருந்து 1954 வரை, பிழைப்புத் தேடி ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களை அங்கே இறக்கி விசாரித்துத்தான் அமெரிக்காவுக்குள் விட்டார்கள். ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பேர் அந்த வழியாகப் போனார்களாம். முதல் நாள் முதலாவதாக இறங்கியவள் அயர்லாந்து நாட்டு ஆனி மூர் என்ற பெண். இரண்டு தம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்னமே போயிருந்த பெற்றோரைத் தேடி வந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது என்று பத்திரிகைகள் எழுதின. என் வயதுதான் என்று ஆசையோடு படித்தால், உண்மையில் பதினேழு என்று பிறகு தெரியவந்ததாம்!

அந்தத் தீவில்தான் எங்கள் முன்னோர் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று அமெரிக்காவில் பல குடும்பங்களில் சொல்லிக்கொள்வார்கள். வாயில் நுழையாத பெயரை அதிகாரிகள் தங்கள் இஷ்டப்படி மாற்றி எழுதிவிட்டார்களாம். வரலாற்று ஆசிரியர்கள் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, அது சரியல்ல என்கிறார்கள். பெயர்ப்பட்டியலை எழுதியது தீவில் அல்ல. கப்பல் புறப்பட்ட ஊரிலேயே கப்பல்காரர்கள் எழுதினார்கள். தீவின் அதிகாரிகள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, பல மொழி தெரிந்தவர்களின் உதவியோடு சரி பார்த்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் பிறகுதான். கடையிலும் தொழிற்சாலையிலும் அக்கம்பக்கத்திலும் பழகப் பழக, அவர்களாகவே மாற்றிக்கொண்டார்கள்.

இதைப் படித்தவுடன் எனக்கு எங்கள் வீட்டுக் குறை நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை ஊருக்குப் போனபோது, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம், "நிலக் கணக்கு எழுத வந்தவர் தாத்தா பெயரை ஏன் அப்படி எழுதினார்?" என்று கேட்டேன். ஆயா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"வூட்டுக்காரர் பேரு இன்னான்னு கேட்டாங்க. அவுரு பேர நான் எப்டிடி வாயால சொல்றது? எதிர் வூட்டு அண்ணந்தான் எல்லப்பன்னு எழுதிக்கோங்கன்னாரு. சாயந்திரம் உங்க தாத்தாகிட்ட சொன்னேன். ஊரே அப்டித்தான கூப்புடுது, இருக்கட்டும்னுட்டாரு."

இத்தனை வருடமாக யாரோ ஒரு கணக்கரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு முதலில் கோபம் வந்தது, "இதை முன்னமே சொல்லக்கூடாதா?" என்றார். "யாரு கேட்டீங்க?" என்றார் ஆயா. அதுவும் உண்மைதான்.

எங்கள் ஊர்ப் பெயரே அப்படி வந்தது என்றுதான் சொல்வார்கள். திரையன் என்ற தொண்டை நாட்டு அரசன் பெயரால் திரையன் ஏரி என்று இருந்தது, சொல்லிச் சொல்லித் தென்னேரி ஆகிவிட்டதாம். எலியாஸ் என்பதை ஏரிக்கரையில் எருமை ஓட்டுகிறவர்களும் மடை திறக்கிறவர்களும் எல்லப்பன் ஆக்கியதில் என்ன அதிசயம்? பக்கத்து ஊர்களில் எல்லம்மன் கோவில் இருக்கிறது. எல்லப்பன்கள் பலர் இருக்கிறார்கள். கல்லிலே எல்லீசன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கலெக்டரும் அதைத்தானே செய்தார்? ஆனால் கலெக்டர் பெயர் மாறியதால் அவர் நிலம் நிற்கவில்லை, தாத்தா பெயர் மாறியதால் அப்பா நடக்கவேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்க முடியாது.

சென்ற மாதம் ஆயாவையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். எதிர் வீட்டுத் தாத்தாவும் சாட்சி சொல்ல வந்தார். பழைய பத்திரங்களில் இப்படி இரண்டு பெயர் உள்ளவர்களுக்கு நடுவில் 'என்கிற' என்ற சொல்லைப் போட்டு எழுதுவது வழக்கம் என்று அங்கிருந்த ஒருவர் சொல்லி, மனுவை அவ்வாறு எழுதச் சொன்னார். பிறகு ஆயாவைப் பார்த்து, "உங்கள் கணவர் பெயரைச் சொல்லுங்கள், அம்மா" என்றார். ஆயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தாத்தா போய் மூன்று வருடம் ஆகியும் அவரால் முடியவில்லை. என் கையைப் பிடித்து, "நீ சொல்லு கண்ணு" என்றார். நான் இரண்டு பெயரையும் சொன்னேன். "எல்லப்பன் என்கிற எலியாஸ்" என்று எழுதிக்கொண்டார்கள்.

பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. எந்தப் பெயரில் வந்தாலும் அப்பாவின் இனிஷியலைப் பற்றி மட்டும் எங்களுக்குக் கவலை இல்லை. இரண்டுக்கும் 'எ' தான்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி